இருபது நிமிட எச்சில்

சொன்னால் முகத்தைச் சுளிப்பீர்கள், சுளித்துக்கொண்டே கேளுங்கள், நானும் சுளித்துக்கொண்டேதான் சொல்கிறேன்: எங்கள் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியங்கள் இருபத்தெட்டில் இருபத்தேழு, எந்தெந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தனவோ அந்தந்தக் கட்டிலுக்கு அடியில் கிடந்தபடியே எச்சில் வடிக்க ஆரம்பித்தன.

எங்கள் வீட்டில் வடித்தது டிரம்பெட். என் மகள் பிரமிளா அப்போது நான்காம் வகுப்பு. அவளுக்குப் பேண்டு சார் கொடுத்திருந்த அந்த டிரம்பெட், ஆலை நிர்வாகம் எங்கேயோ பழைய சாமான் கழித்த இடத்தில் மொத்தமாக வாங்கிப் போட்டதில் ஒன்று, கழுத்தில் ஒரு நசுங்கல் இருக்கும். தரை ஈரமாக இருக்கிறதே, எலி ஏதாவது அசிங்கம் பண்ணியிருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். டிரம்பெட்டின் அகன்ற வாயிலிருந்து கொழகொழவென்று ஒரு நூல் இறங்கி, அறுந்துபோகாமல் தரையைத் தொட்டு, அங்கே ஒரு தட்டு அகலத்துக்குத் தேங்கியிருந்தது. விரலால் தொட்டேன், தொட்டிருக்கக் கூடாது, விரலை எடுத்ததும் அதுவும் கூடவே எழுந்து வந்தது, வெதுவெதுவென்று. அப்புறம் முகர்ந்தும் பார்த்தேன், ஏன் முகர்ந்தாய் என்று கேட்காதீர்கள், பிள்ளை பெற்றவள் எதையும் முகர்ந்துதான் பார்ப்பாள். உப்புப் போட்ட புளியங்காயும் கடித்த பென்சில் கட்டையும் கலந்த வாசனை. அது பிரமிளாவின் வாய், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வத்சலா தன் மகனுடைய பியூகிளைக் காலைப் பிடித்த கோழி மாதிரி தலைகீழாகத் தூக்கிக்கொண்டு நின்றாள். அதிலிருந்து வடிந்ததில் ஆரஞ்சு மிட்டாய் வாசனை அடித்ததாம். கிளாரினெட்டில் வடிந்தது, புல்லாங்குழலில் வடிந்தது, டிரம் இருந்த வீடுகளில் தோலின் ஓரத்து வளையம் முழுக்கக் கசிந்து கீழே சொட்டியது. யாரும் அலறவில்லை. மழைக்காலத்தில் மாடி ஒழுகினால் எப்படியோ அப்படித்தான், ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி போய் ஒரு வாளியை எடுத்துவந்து அடியில் வைத்தாள்.

இது எதனால் வந்தது என்று யாரும் அப்போது கேட்கவில்லை, கேட்காததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். அதைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் சத்தம் என்பது ஒரு குற்றம். ஆலையின் சூளை இருபத்துநாலு மணி நேரமும் எரிந்துகொண்டிருக்கும், அதனால் ஆண்கள் மூன்று ஷிப்டில் போய் வருவார்கள், அதனால் எந்த நேரத்திலும் மூன்றில் ஒரு வீட்டில் ஓர் ஆண்பிள்ளை பட்டப்பகலில் வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவான். அப்படித் தூங்குகிற வீட்டுக் கேட்டில் ஈரத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். துண்டு தொங்கினால் தபால்காரர் மணியடிக்க மாட்டார், கீரைக்காரி கூவ மாட்டாள், குக்கர் வைத்தவள் விசில் வருவதற்கு முன்பே அடுப்பை அணைப்பாள், பருப்பு வேகாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே குதிகாலைத் தூக்கி நடக்கக் கற்றுக்கொடுத்துவிடுவோம். இங்கே பிறந்த பிள்ளைகள் அழும்போதுகூட வாயைப் பொத்திக்கொண்டுதான் அழும், வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் என்ன அடக்கமான பிள்ளைகள் என்று மெச்சுவார்கள், எங்களுக்கும் அதில் ஏகப்பட்ட பெருமை.

இப்படிப்பட்ட ஊரில்தான் நிர்வாகம் பேண்டு ஆரம்பித்தது. அக்டோபரில் நிறுவனர் நாள், முதலாளி சென்னையிலிருந்து வருவார், அவர் மேடைக்கு நடந்துபோகும்போது பிள்ளைகள் பேண்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். வாரத்தில் இரண்டு நாள் சொல்லிக்கொடுக்க சூசைமரியான் என்று ஒரு சாரைப் போட்டார்கள், முப்பத்தைந்து வயது இருக்கும், எப்போதும் சட்டைப்பையில் நட்சத்திர ஸ்டிக்கர் அட்டை வைத்திருப்பார். ஜூலையில் பெற்றோரைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். பிள்ளைகள் வீட்டில் தினம் இருபது நிமிடம் ஊத வேண்டும், ஒரே நேரத்தில் ஊத வேண்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், தப்பாக வந்தால் காதைப் பொத்தக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கச்சேரி வைத்துக் கைதட்ட வேண்டும் என்றார். ஆலையில் பாதுகாப்பு வார விழாவில் தலையாட்டுவோமே, அதே மாதிரி எல்லோரும் தலையாட்டினோம். அப்புறம் அவர் ஆளுக்கொரு பயிற்சி நோட்டு கொடுத்தார். தேதி, எத்தனை நிமிடம், பெற்றோர் கையெழுத்து. வாரம் நிறைந்தால் ஒரு நட்சத்திரம்.

பிரமிளாவுக்கு அந்த டிரம்பெட் மேல் கொள்ளை ஆசை. முதல் வாரம் தினமும் நாலரை மணிக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, ஏதோ கோயிலுக்குப் போகிறவள் மாதிரி, அதைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள். கேக்கறியாம்மா என்பாள். ஊதினாள் என்றால், என்னத்தைச் சொல்ல, கன்றுக்குட்டியை மிதித்த மாதிரி ஒரு சத்தம். எனக்கு அது பிடிக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அருவருப்பாகவே இருந்தது, கன்னம் உப்பி, கண் பிதுங்கி, உதட்டோரத்தில் நுரை கட்டி, பெற்ற பெண் அப்படி நிற்பதைப் பார்க்கவே சகிக்கவில்லை. உள்ளே என் வீட்டுக்காரர் தணிகாசலம் தூங்குகிறார், கேட்டில் துண்டு தொங்குகிறது, வத்சலா சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். பாத்ரூமுக்குள் போய் ஊது என்று அனுப்பினேன். அங்கே எதிரொலி இன்னும் மோசம். டிரம்பெட் வாயில் பழைய பனியனைச் சுருட்டித் திணித்துக் கொடுத்தேன். அதுவும் கேட்டது. கடைசியில் ஊதவே வேண்டாம், சும்மா வாயில் வைத்துக்கொண்டு விரலை மட்டும் அசை, விரல் பழகினால் போதும் என்று சொன்னேன். அவளும் நம்பி ஒரு வாரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மூன்று பொத்தானையும் அழுத்தி அழுத்தி எடுத்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள், டிரம்பெட் கட்டிலுக்கு அடியில் போனது, நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

நோட்டு மட்டும் நிற்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு நோட்டு எழுதுவது கைவந்த வேலை. சூளையில் மணிக்கொரு தரம் ஏணியேறிப் போய் மீட்டரைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம், ஷிப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டுச் சாய்ந்துகொள்வது பழக்கம். அதே கையோடு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பிரமிளாவின் நோட்டை எடுப்பார், வருகிற ஏழு நாளைக்கும் இப்போதே எழுதுவார், பாதியில் பேனாவை மாற்றுவார், இருபது, இருபத்தைந்து, இருபது, பதினைந்து என்று போடுவார். பிரமிளா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எல்லாம் ஒரே நம்பரா இருந்தா சந்தேகம் வரும் பாப்பா," என்று அவளுக்குச் சொல்லியும் கொடுப்பார்.

குடியிருப்பு முழுக்க ஞாயிற்றுக்கிழமை மதியம் இதுதான் நடந்தது. பிள்ளைகள் நட்சத்திரமாக வாங்கிக் குவித்தார்கள். கேன்டீனில் பாத்திரம் கழுவும் பவுனம்மாவின் மகள் ஒருத்திதான் நட்சத்திரம் இல்லாதவள். குடியிருப்புக்கு வெளியே தகரக் கொட்டகையில் இருந்தார்கள், அங்கே பகலில் தூங்க ஆள் கிடையாது, பவுனம்மாவுக்கு எழுதத் தெரியாததால் பெண் ஊதிய நாளில் மட்டும் கரியைத் தொட்டு ஒரு கோடு இழுப்பாள், வாரத்துக்கு மூன்று கோடு இருந்தால் அதிகம். அந்தப் பெண்ணின் புல்லாங்குழல்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வடிக்காத இருபத்தெட்டாவது. அதற்காக அவளை யாராவது பாராட்டினோம் என்று நினைக்காதீர்கள், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை, அதனால்தான் அங்கே மட்டும் வரவில்லை என்று பேசிக்கொண்டோம்.

வாத்தியங்கள் விடாமல் வடித்தன. ஊதாமல் எழுதிய ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் ஒரு டம்ளர் என்று வத்சலா கணக்காகச் சொன்னாள். குடியிருப்பைப் பராமரிக்கிற எஸ்டேட் ஆபீசில் புகார் கொடுத்தோம், அங்கே குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து, தண்ணீர்க் குழாய்க் கசிவு, கழிவுநீர்க் குழாய்க் கசிவு என்பதற்குக் கீழே வாத்தியக் கசிவு என்று புதிதாக ஒரு தலைப்பு போட்டார். பிளம்பர் வந்தார். எங்கள் டிரம்பெட்டின் வாயைப் பசை வைத்து அடைத்தார், மறுநாள் பொத்தான் வழியாக வந்தது, பொத்தானை அடைத்தார், நசுங்கல் இருந்த இடத்தில் முத்து முத்தாக வேர்த்தது. பிறகு நிர்வாகமே வீட்டு எண் எழுதிய நீல வாளி இருபத்தேழு கொடுத்தது, காலை ஆறு மணிக்கு வாளியைக் கொல்லைப்புறச் சாக்கடையில் ஊற்ற வேண்டும், வாசலில் ஊற்றக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியது. இரண்டு வாரத்தில் சாக்கடை ஓடுவதை நிறுத்திக்கொண்டது. மேலே ஆடை கட்டியது, வெயிலில் குமிழி விட்டது, காக்கைகள் கரையில் வந்து குனிந்து பார்த்துவிட்டு ஆலைப் பக்கம் பறந்துபோயின.

மனிதர்களுக்குத்தான் எதுவும் பழகிவிடுகிறது. முதல் வாரம் மூக்கைப் பொத்தினவர்கள் இரண்டாம் வாரம் வாளி பக்கத்திலேயே இலை போட்டுச் சாப்பிட்டோம். ஆபீசர்கள் இருக்கிற பி டைப் வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுடையது மெல்லிசாக, தெளிவாக இருக்கிறது என்றும், தொழிலாளிகள் இருக்கிற சி டைப் பிள்ளைகளுடையதுதான் கட்டியாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். மேனேஜர் வீட்டம்மா தன் மகளின் கிளாரினெட்டுக்கு அடியில் வெள்ளி மூடி போட்ட பாத்திரம் வைத்து, மேலே பூத்தையல் போட்ட துணி விரித்தாள், மறுநாளே எல்லோர் வீட்டு வாளிக்கும் துணி வந்துவிட்டது. விருந்தாளி வந்து அது என்ன என்று கேட்டால் பிள்ளை பேண்டில் இருக்கிறான் என்று வெட்கத்தோடு சொல்லிக்கொள்வோம். கூடத்தில் வாளி இருந்தால் அது கெட்டிக்காரப் பிள்ளை இருக்கிற வீடு. பேண்டில் பிள்ளையைச் சேர்க்க முடியாத டிராக்டர் டிரைவர் வீட்டில், சோற்றுக் கஞ்சியை ஒரு வாளியில் ஊற்றித் துணி போட்டு மூடி வைத்திருந்ததை நானே பார்த்தேன். இதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது, ஆனால் என் வீட்டு வாளிக்குப் போட்டிருந்த துணியில் மயில் தைத்தது நான்தான்.

அவ்வளவு எச்சிலும் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும். பிள்ளைகளின் வாய் காய ஆரம்பித்தது.

அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ரொம்ப நாள் ஆனது, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே பேசாத பிள்ளைகள். உதடு வெடித்தது, வெயில் என்றோம். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, எதையாவது சொல்ல வந்தால் டக் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது, விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்றோம். வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கிறது என்று டீச்சர்கள் பூரித்தார்கள். டியூஷன் மாஸ்டர், இந்த மாதிரி ஒரு செட் பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை, பென்சிலை நக்குவதில்லை, எச்சில் தொட்டு ஸ்லேட்டை அழிப்பதில்லை, பக்கத்துப் பையனோடு பேசுவதில்லை என்றார். மாதத் தேர்வில் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறியது. அம்மாக்கள் நாங்கள் குழாயடியில் நின்று இதை ஒருத்திக்கொருத்தி சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டோம். ஆமாம், சந்தோஷமாகத்தான்.

பிரமிளாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் மென்றுவிட்டு, மணலைக் கொட்டுவதுபோல உலர்ந்த பருக்கைகளைக் கையில் கொட்டுவாள். கஞ்சியாகக் கரைத்து ஊற்றினேன். ஆலை டிஸ்பென்சரி டாக்டர் உதட்டில் தடவ கிளிசரின் கொடுத்தார், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், குடித்த தண்ணீர் எல்லாம் டிரம்பெட் வழியாக வாளிக்குப் போனது. சீருடைப் பாவாடைக்கு ஒரு ஊக்கு போட்டது போய் மூன்று ஊக்கு போட வேண்டியிருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினாள். கொஞ்ச நாளில் எழுதுவதையும் நிறுத்திவிட்டு என்னைச் சும்மா பார்த்தாள். ஒன்பது வயதுப் பெண் அப்படிப் பார்க்கக் கூடாது. என் பெண் என் கண் முன்னால் வற்றிக்கொண்டிருந்தாள், நான் தினமும் காலையில் அவளை வாளி வாளியாக அள்ளிச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சூசைமரியான் சார் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். வாளியைப் பார்த்தார், பயிற்சி நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார், தன் கையால் ஒட்டிய நட்சத்திரங்களைத் தானே தடவிப் பார்த்தார்.

"இதுல எழுதியிருக்கிற நிமிஷத்தையெல்லாம் பாப்பா ஊதித்தான் ஆகணும்மா. நான் ஊதிப் பார்த்தேன், நிக்கல. அவங்கவங்க பிள்ளைங்க ஊதினாத்தான் நிக்கும்."

அப்படியென்றால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மேனேஜரிடம் சொன்னாராம், அதற்கு மேனேஜர், நிறுவனர் நாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, இப்போது பிள்ளைகள் ஊதப் பழகி நடக்கிற காரியமா, ஏற்பாடு வேறு மாதிரி செய்தாகிவிட்டது என்றாராம். சார் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்தக் குனிந்த தலையைப் பார்த்து எனக்கு வந்ததும் அருவருப்புத்தான்.

அன்றைக்கே நான் பிரமிளாவை உட்காரவைத்து ஊதச் சொன்னேன். முதலில் கெஞ்சினேன், புது ரிப்பன் வாங்கித் தருகிறேன் என்றேன், பிறகு அளவுகோலை எடுத்தேன். அவள் டிரம்பெட்டை உதட்டில் வைத்தாள். காய்ந்த உதடு எப்படி ஒலிக்கும், வெறும் காற்று உள்ளே போனது, வெடிப்பிலிருந்து ரத்தம் வந்து பித்தளையில் ஒட்டியது. அவள் டிரம்பெட்டைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வாளிக்கு மேலே பழையபடி சாய்த்து வைத்துவிட்டு, போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் அளவுகோலோடு நின்றேன்.

நிறுவனர் நாள் வந்தது. மைதானத்தில் பந்தல், சிவப்புக் கம்பளம், ஸ்பீக்கர். பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில், தோளில் தங்கக் குஞ்சலம் வைத்து, மூன்று வரிசையில் நின்றார்கள். கையில் வாத்தியம், ஒவ்வொரு வாத்தியத்தின் வாயிலும் ஒரு பாலிதீன் பை, ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டியது. பிள்ளைகள் பொங்கலுக்குப் பரிசு வாங்கப் போவது மாதிரி அம்மாக்கள் ஓடி ஓடிப் பைகளைச் சரிசெய்தோம். முதலாளி காரிலிருந்து இறங்கினார், மேடைக்குப் பின்னால் யாரோ டேப் ரிக்கார்டரை அழுத்தினார்கள், எங்கோ எந்தக் காலத்திலோ யாரோ வாசித்த பேண்டு முழங்கியது, எங்கள் பிள்ளைகள் ஊதாமல் விரலை மட்டும் அசைத்தார்கள். பிரமிளா மற்ற எல்லோரையும்விட ஒழுங்காக அசைத்தாள், நான் பழக்கிய விரல் அல்லவா. பைகள் மெல்ல நிறைந்து தொங்கின. வெயிலில் அவை பளபளத்தன. முதலாளி நடந்து வந்தவர், பிரமிளாவுக்கு முன்னால் நின்று, குனிந்து, உன் பேர் என்ன கண்ணு என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். நாக்கை இழுக்கப் பார்த்தாள், அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தொண்டை மட்டும் மேலும் கீழும் போனது, டக் என்று ஒரு சத்தம் வந்தது. கண்ணில் நீர் வர வேண்டும், அதுவும் வரவில்லை. முதலாளி அவள் கன்னத்தைத் தட்டினார்.

"வெரி குட். இதுதான் டிசிப்ளின்," என்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்.

மைதானமே கைதட்டியது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்று தட்டினார். வத்சலா என் தோளை இடித்து, அக்கா உங்க பொண்ணுகிட்டதான் பேசினார் என்றாள். என் கையும் தட்டிக்கொண்டிருந்தது, எச்சிலைப் பார்த்து அதுவரை வராத அருவருப்பு எனக்கு அந்தக் கையைப் பார்த்துத்தான் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலை பத்தரை மணி. என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறார், பிரமிளா சமையலறை வாசலில் சுருண்டு படுத்திருந்தாள், காலையில் ஊற்றிய கஞ்சி அப்படியே இருந்தது, மணிக்கட்டைப் பிடித்தால் என் கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொட்டுக்கொண்டன. நான் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரம்பெட்டை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் நின்றேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சார்தான் சொல்லியிருந்தாரே, அடுத்தவர் ஊதினால் நிற்காது. எனக்கு அது நிற்க வேண்டும் என்றுகூட இல்லை, அந்த வீட்டில் ஒரு சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான்.

எச்சில் ஊதுகிற இடம் வரைக்கும் வழவழவென்று ஏறியிருந்தது. துடைக்கவில்லை. துடைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன். வெதுவெதுப்பாக என் வாய்க்குள் இறங்கியது, புளியங்காய், பென்சில், ரத்தம், கிளிசரின், ஒரு மாதக் கஞ்சி, எல்லாம் சேர்ந்து நாக்கில் படிந்தது, வயிறு மேலே எழுந்து வந்தது, அதைத் திருப்பி உள்ளே அனுப்பிவிட்டு, கூடவே வாயில் இருந்ததையும் விழுங்கிவிட்டு, ஊதினேன்.

எருமை கன்று போடும்போது கத்துமே, அது தேவலை. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. உள்ளே தூங்கியவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏய் குணவதி, உனக்கென்ன பைத்தியமா? மனுஷன் தூங்க வேணாமா?"

நான் மறுபடியும் ஊதினேன். வாய்க்கு வாய் அது உள்ளே வந்தது, மோவாயில் வழிந்தது, கழுத்தில் இறங்கி ரவிக்கையை நனைத்தது. அக்கா, எங்க வீட்டிலயும் துண்டு தொங்குது என்று வத்சலா சுவருக்கு மேலே கெஞ்சினாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து தலைகள் வந்துவிட்டன, மூக்கில் முந்தானையோடு. என் வீட்டுக்காரர் டிரம்பெட்டைப் பிடுங்கக் கையை நீட்டினார், கொழகொழப்பைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். மூன்றாவது முறை மூச்சு இழுக்கும்போது கண்ணைத் திறந்தேன், பிரமிளா எழுந்து எனக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள்.

அவள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மோவாயில் தொங்கிய நூலைப் பார்த்தாள், நான் மிடறு விழுங்குவதைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியது, மூக்கு சுருங்கியது, தோள் ஒரு தரம் குலுங்கியது, ஓங்கரித்தாள். ஓங்கரிப்பு வரும்போது யாருக்கும் வாயில் ஊறுமே, அப்படி அவளுக்கு ஊறியது. கன்னம் அசைந்ததைப் பார்த்தேன். வாயைக் குவித்தாள். தூ என்று என் காலடியில் துப்பினாள்.

பெற்ற பெண் துப்பியது என் கால் கட்டைவிரலில் ஈரமாக விழுந்தது. என் வீட்டுக்காரர் அவளை அடிக்கக் கையை ஓங்கினார், நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

"ச்சீ," என்றாள் பிரமிளா. கரகரவென்று, துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி வந்தது குரல். "என்னோடது அது. எச்சில் பண்ணிட்டியேம்மா. கொண்டா இங்க."

பிடுங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், பிறகு புளி போட்டுத் தேய்த்தாள், மறுபடி சோப்புப் போட்டாள், நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் தள்ளிப் போ என்பதுபோல் தோளைத் திருப்பிக்கொண்டாள். நடுநடுவே நான் விழுங்கியது ஞாபகம் வந்து மறுபடி ஓங்கரிக்கும், மறுபடி வாய் ஊறும், மறுபடி துப்புவாள். பாவாடையால் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, சுவரில் ஏறியிருந்த தலைகளைப் பார்த்தாள், தூக்கம் கெட்டு நின்ற அப்பாவைப் பார்த்தாள், ஈரமான உதட்டை ஒரு தரம் நக்கிக்கொண்டு ஊதினாள்.

கன்றுக்குட்டியை மிதித்த சத்தம்தான். கொஞ்சமும் முன்னேறவில்லை. யாருக்கும் அதைக் கேட்கப் பிடிக்கவில்லை, சுவரில் இருந்தவர்கள் முனகிக்கொண்டே இறங்கினார்கள், என் வீட்டுக்காரர் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு போய்ப் படுத்தார், டிரம்பெட்டின் வாயிலிருந்து இன்னமும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவள் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, உதட்டோரத்தில் நுரை கட்டி, எனக்கு முதுகைக் காட்டாமல் நின்று இருபது நிமிடமும் ஊதினாள். முடித்ததும் நான் கிட்டே போனேன், தலையைத் தடவலாம் என்று கையை நீட்டினேன். அவள் டிரம்பெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள்.

"கிட்ட வராத, உன் வாய் நாறுது," என்றாள். "நாளைக்கு நான் ஊதறதுக்கு முன்னாடி இதுல நீ வாய வெச்சே, அவ்ளோதான்."